பழுத்த இலையும் பார்க்கும் கண்ணும்

சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் காலை, பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். நல்ல மனிதர், இருபது ஆண்டுப் பழக்கம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டீச்சரம்மா, தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வாதாம் மரத்தை எடுத்துவிட முடியுமா? மாடி முழுவதும் இலையாகக் கிடக்கிறது. மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. போன வாரம் தொட்டி வழிந்து இலையெல்லாம் நனைந்து கிடந்தது. அம்மா அதில் கால் வைத்து வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது" என்றார்.

அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. அந்த அம்மையாரை நானும் சென்று பார்த்திருந்தேன். ஆயினும் என்னால் உடனே விடை கூற இயலவில்லை. "ஒரு வாரம் பொறுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

விடை கூற இயலாமைக்குக் காரணம் உண்டு. அவர் வருவதற்குச் சற்று முன்புவரை, நான் அதே திண்ணையில் அமர்ந்து அந்த மரத்தின் இலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வலியால் வெளியே செல்வது குறைந்த பிறகு அது என் வழக்கமாகிவிட்டது. மரம் அன்று பாதி பச்சை, பாதி செம்மை. எனக்கு அது காட்சி. அவருக்கு அது தொல்லை. அவருடைய தாயாருக்கு அது எலும்பு முறிவு. அழகாக இருக்கிறது என்பது ஒரு மரத்தைக் காப்பதற்குப் போதிய காரணம் ஆகுமா? அதிலும், ஐம்பொறிகளை அடக்குக என்று கற்பிக்கும் நெறியில் பிறந்த ஒருத்தி, கண்ணுக்கு இனியது என்பதை ஒரு காரணமாக எடுத்துரைக்கலாமா? அந்த ஒரு வாரத்தில் எண்ணியவற்றையே வாசக அன்பர்களின் முன் வைக்கிறேன்.

நம் தெருவில் இலையுதிர் காலம்

இலையுதிர் காலம் என்றவுடன் பலருக்கும் குளிர்நாடுகளின் படங்களே நினைவுக்கு வருகின்றன. அங்கே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பகற்பொழுது குறுகிக் குளிர் தொடங்கும்போது, காடுகள் ஒருசேர மஞ்சளும் சிவப்புமாக மாறுகின்றன. நம் சமவெளியில் அப்படி ஒருசேர நிகழும் காட்சி இல்லை. ஆகவே நம் ஊரில் இலையுதிர் காலமே இல்லை என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். நம் முன்னோர் வகுத்த கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பருவங்களிலும் அப்பெயர் இல்லை. ஆனால் பின்பனி என்று அவர்கள் குறித்த மாசி, பங்குனித் திங்கள்களில்தான் நம் வீட்டு மரங்கள் பல இலையை விடுகின்றன. இங்கே பெருங்காரணம் குளிர் அன்று, வறட்சி. மழைக்காலம் கழிந்து மண்ணில் ஈரம் குறையும்போது, இலைகளின் வழியே வெளியேறும் நீரைக் குறைத்துக்கொள்ள மரம் இலையைக் கழிக்கிறது. ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி நாள், தனித்தனி முறை. அதனால்தான் நம் கண்ணில் படாமல் போகிறது.

வந்தவாசிப் பக்கத்தில் உள்ள எங்கள் தெருவையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வாதாம் மரம் அடுக்கடுக்காகக் கிளை பரப்பி நிற்பது. நாட்டு வாதுமை என்றும் சொல்வார்கள். தை பிறந்ததும் அதன் அகன்ற இலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்மை படரும். நடுநரம்பு மட்டும் மஞ்சளாக நிற்க, மற்றப் பகுதி குங்குமம் போலவும் பின்னர்ச் செங்கல் போலவும் மாறும். ஒவ்வோர் இலையும் விழும்போது ஓசை கேட்கும். எதிர்வீட்டு வேம்பு மாசியில் மஞ்சளாகி, காற்றடிக்குந்தோறும் சிற்றிலைகளைச் சொரியும். அது ஓசையின்றி விழும். குளக்கரை அரசமரமோ உதிர்க்கும்போது அத்தனை நிறம் காட்டுவதில்லை. உதிர்த்து முடித்து, சில நாள்களில் செப்புத்தகடு போல் பளபளக்கும் தளிரை விடும்போதுதான் அது சிவக்கிறது. பிற மரங்கள் முடிவில் காட்டும் நிறத்தை அரசு தொடக்கத்தில் காட்டுகிறது. தெருமுனைப் பூவரசில் இந்த மாற்றம் முழுவதும் ஒரே பூவில், ஒரே நாளில் நடந்து முடிகிறது: காலையில் மஞ்சளாக மலர்ந்த பூ, மாலைக்குள் செந்நிறமாகி வாடிவிடுகிறது.

இவற்றைப் பார்த்தவர்கள்தாம் நம் மொழிக்குச் சொற்களைத் தந்தார்கள். தளிர், கொழுந்து, இலை, பழுப்பு, சருகு என ஓர் இலையின் வாழ்நாள் முழுவதற்கும் தமிழில் தனித்தனிப் பெயர் உண்டு. மூப்படைந்த இலையை நாம் கெட்டுப்போனது என்பதில்லை. கனியைச் சொல்வதுபோலவே பழுத்தது என்கிறோம். சொல் நம்மிடம் இருக்கிறது. பார்வைதான் இல்லாமற்போயிற்று. பிறரைச் சொல்வானேன், என்னிடமே இல்லை.

நான் எரித்த இலைகள்

நான் 1970-ஆம் ஆண்டு ஆசிரியப் பயிற்சியை முடித்தவள். பயிற்சியில் எங்களுக்கு மனப்பாடமாகவே கற்பித்த கோட்பாடுகள் சில உண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க, அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்க, காட்சிப் பொருளிலிருந்து கருத்துப் பொருளுக்குச் செல்க. தேர்வில் இவற்றை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன்.

பிறகு நான் செய்தது என்ன? பருவங்கள் பற்றிய பாடம் வந்தபோது, வெளிநாட்டு மரம் ஒன்றின் படத்தை அட்டையில் வரைந்து வகுப்பில் தொங்கவிட்டேன். அந்த வகுப்பின் சன்னலுக்கு வெளியே ஒரு வாதாம் மரம் அதே வாரத்தில் சிவந்து நின்றது. அதை நான் காட்டவில்லை. என்னைப் பொறுத்தவரை அது குப்பை போடும் மரம். நாள்தோறும் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வளாகத்தைப் பெருக்கச் செய்து, சுவரோரம் இலைகளைக் குவித்துத் தீ வைக்கச் செய்தேன். தூய்மைக்கு எங்கள் பள்ளி எடுத்துக்காட்டு என்று பாராட்டும் கிடைத்தது.

ஒருநாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பெருக்குவதை நிறுத்திவிட்டு ஓர் இலையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பாதி பச்சை, பாதி சிவப்பு. "டீச்சர், இது ஏன் சிவப்பாச்சு?" என்று கேட்டாள். மணி அடிக்கும் நேரம். "குப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன கேள்வி? போட்டுவிட்டு வா" என்றேன். அவள் போட்டுவிட்டு வந்தாள். அதன்பின் அவள் என்னிடம் எதையும் எடுத்துக்கொண்டு வந்ததில்லை.

இது நடந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தக் குழந்தையின் முகம்கூட எனக்குத் தெளிவாக நினைவில்லை. அந்த இலை நினைவில் இருக்கிறது. அது மட்டுமன்று, நாங்கள் எரித்த குவியல்களும் நினைவுக்கு வருகின்றன. இரவெல்லாம் கிடந்த இலைக்குவியலின் அடியில் எறும்பும் புழுவும் மரவட்டையும் புகுந்திருக்கும் என்பதை அறியாதவளா நான்? வீட்டில் தண்ணீரை வடிகட்டிப் பயன்படுத்தினேன். பொழுது சாய்வதற்குள் உணவை முடித்தேன். பள்ளியில் நாள்தோறும் இலைக்குவியலுக்குத் தீ வைக்கச் செய்தேன். இரண்டும் ஒருத்தியின் செயல்களே.

இலைக்குள் நடப்பது

அன்று அச்சிறுமிக்குச் சொல்லாத விடையை இன்று எழுதுகிறேன். இலையின் பசுமைக்குக் காரணம் பச்சையம் என்னும் பொருள். கதிரொளியைக் கொண்டு மரத்துக்கு உணவு சமைப்பது அதுவே. இலை மூப்படையும்போது மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுகிறது. பச்சையம் சிதைந்து மறைய, அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள் வெளிப்படுகிறது. கேரட் கிழங்குக்கு நிறம் தருவதும் அந்த இனத்துப் பொருளே. ஆக, வேப்பிலையின் மஞ்சள் புதிதாக வந்ததன்று, முன்னரே இருந்தது. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் எனப்படும் செந்நிறப் பொருளைப் பல மரங்களின் இலைகள் தம் இறுதி நாள்களில் புதிதாக உண்டாக்குகின்றன. விழப்போகும் இலை எதற்காக இந்த முயற்சியை மேற்கொள்கிறது என்பது அறிவியலார் இன்னும் ஆராய்ந்துவரும் கேள்வி. மூன்றாம் வகுப்புப் பெண் கேட்டது அதே கேள்வியைத்தான்.

இதற்கிடையே மற்றொரு பணியும் நடக்கிறது. இலையில் உள்ள தழைச்சத்து, மணிச்சத்து முதலியவற்றில் கணிசமான பகுதியை மரம் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இலைக்காம்பின் அடியில் மெல்லிய பிரிவுப் படலம் ஒன்று உண்டாகிறது. அதன் உட்புறத்தில் தக்கை போன்ற காப்புப் படலம் அமைந்து, வாயிலை அடைத்துவிடுகிறது. இவை நிறைந்தபின், சிறு காற்றிலோ தன் சொந்த எடையாலோ இலை விழுகிறது. காயம் இல்லை; கசிவு இல்லை. நாம் பச்சை இலையைக் கிள்ளினால் நீர் வடிகிறது. பழுத்த இலை விழுந்த இடத்திலோ காய்ந்த தழும்பு மட்டுமே காண்கிறோம்.

இதைப் படித்தபோது எனக்கு நவபதார்த்தங்களின் தமிழ்ப் பெயர்கள் நினைவுக்கு வந்தன. ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு, வீடு என்று சிறுவயதில் ஒப்பித்தோம் அல்லவா? வினை வரும் வாயிலை அடைப்பது செறிப்பு. சேர்ந்த வினை கழிவது உதிர்ப்பு. நிர்ஜரை என்னும் சொல்லுக்கு உதிர்ப்பு என்று பெயரிட்ட பெரியோர் எந்த மரத்தைப் பார்த்துப் பெயரிட்டனரோ, அறியேன். அடைத்தலும் கழித்தலும் இணைந்தே நடக்க வேண்டும் என்பதை ஒரு காம்பின் அடியில் காணலாம். ஆனால் உவமையை அளவுக்கு மீறி நீட்டுவது பிழை. மரம் ஓரறிவுயிர், அது தவம் செய்யவில்லை. காலம் வரும்போது தன் இயல்பால் உதிர்க்கிறது. அறிந்து உதிர்ப்பது மனிதப் பிறவிக்கே உரியது. எழுபதைக் கடந்த எனக்கு அந்த வேறுபாடு சற்று அச்சத்தையும் தருகிறது. பழுத்திருக்கிறேன் என்பது தெரிகிறது. எதையெல்லாம் விட்டிருக்கிறேன் என்பது தெரியவில்லை.

அக்காவின் கேள்வி

அந்த வாரத்தில் என் அக்கா வந்திருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர்; நோன்புகளில் என்னைவிட உறுதியானவர். நான் திண்ணையில் அமர்ந்திருப்பதைக் கண்டு, "இந்த வயதில் சாமாயிகத்தில் உட்காராமல் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே! நாக்குக்குச் சுவை போல் கண்ணுக்கு நிறம். அதுவும் பற்றுத்தானே அம்மா?" என்றார்.

அவர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அதில் உண்மை இருந்தது. சென்ற ஆண்டு மிக அழகாகச் சிவந்திருந்த ஓர் இலையை எடுத்து, தடித்த புத்தகம் ஒன்றின் நடுவே வைத்து மூடினேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால், இலை காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. எனக்கு ஏமாற்றம், சற்றுக் கோபமும் வந்தது. மரத்தில் இருந்தபோது பார்த்து மகிழ்ந்தவள், பிடித்து வைத்ததும் வருந்தினேன். அக்கா சொன்ன பற்று அதுதான்.

ஆனால் இன்னொன்றையும் அக்காவிடம் சொன்னேன். இனிய பொருளில் விருப்பையும் இன்னாத பொருளில் வெறுப்பையும், இரண்டையும் விடுவதையே பற்றின்மைக்குரிய பயிற்சியாகத் தத்துவார்த்த சூத்திரம் ஐம்பொறிகளுக்கும் கூறுகிறது. செந்நிற இலையை விரும்பியது பற்று என்றால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் சருகுகளைக் கண்டு முகம் சுளித்தேனே, அது என்ன? வெறுப்பும் கட்டுத்தான். அந்த வெறுப்புக்கு நான் தூய்மை என்று பெயர் வைத்திருந்தேன். ஆகையால் அது எனக்கே தெரியாமல் வளர்ந்தது.

அதே நூல் இம்சையை விளக்கும் இடத்தில், பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்தல் என்று கூறுகிறது. பிரமாதம் என்றால் கருத்தின்மை, விழிப்பின்மை. வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தது இக்குற்றத்தை நீக்குவதற்கே. இல்லறத்தாருக்குரிய நூலான இரத்தினகரண்டகத்தில், பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிதறுதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைச் சமந்தபத்திர முனிவர் ஒரு தொகுதியாக வைத்து, அதற்குப் பிரமாதசரியை என்றே பெயர் தந்திருக்கிறார். இவற்றைச் செய்பவன் கொடியவன் அல்லன், கவனியாதவன். நானும் கொடியவளாக இருந்ததில்லை. இலைக்குவியலைப் பார்க்காதவளாக இருந்தேன்.

ஆகவே பார்ப்பது இரண்டு வகை என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு வேண்டும் என்று பார்ப்பது ஒன்று. இங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பது மற்றொன்று. முன்னது புத்தகத்தில் இலையை வைத்து மூடிய பார்வை. பின்னது இரவில் நடக்குமுன் நிலத்தை நோக்கும் பார்வைக்கு உறவானது. அடியெடுத்து வைக்குமுன் நிலத்தைப் பார்த்து நடக்கும் முனிவரின் விரதம் நமக்குக் கடினம். வீட்டு வாயிலில் விழுந்த இலையைப் பெருக்குமுன் ஒருமுறை பார்ப்பது யாருக்கும் கடினமன்று. நிறத்தைப் பார்க்கப் பழகிய கண், அதன் மீது ஊரும் எறும்பையும் பார்க்கும். முன்பு நான் பார்த்ததில்லை, இப்போது பார்க்கிறேன். அக்கா விடை ஒன்றும் கூறவில்லை. மறுநாள் காலை சாமாயிகம் முடித்து அவரும் சற்று நேரம் திண்ணையில் வந்து அமர்ந்தார்.

ஆறு மனிதரும் ஒரு மரமும்

இனி மரத்தின் கதைக்கு வருகிறேன். இலேசியை மரத்தின் படத்தை நம்மில் காணாதவர் இரார். பசித்த ஆறு பேர் பழம் நிறைந்த ஒரு மரத்தைக் காண்கின்றனர். ஒருவன் வேரோடு பெயர்க்க எண்ணுகிறான்; ஒருவன் அடிமரத்தை வெட்ட எண்ணுகிறான்; அடுத்தவன் பெருங்கிளையை; அடுத்தவன் சிறு கிளையை; ஐந்தாமவன் பழத்தை மட்டும் பறிக்க எண்ணுகிறான்; ஆறாமவன் தானாக உதிர்ந்தவற்றைப் பொறுக்கி உண்ண எண்ணுகிறான். பசி அறுவருக்கும் ஒன்றே. எண்ணத்தின் வேறுபாட்டால் ஒருவன் மனம் கறுப்பு, ஒருவனது நீலம், ஒருவனது புறாவின் சாம்பல் நிறம். பின் மஞ்சள், தாமரை நிறம், வெண்மை. இலைக்கு நிறம் கூறும் நாம், அதைப் பார்ப்பவர் மனத்துக்கும் நிறம் உண்டென்று கூறிய மரபில் வந்தவர்கள்.

அம்மையாரின் முறிந்த கையை மறந்துவிட்டு, மரத்தை மட்டும் எண்ணுவது அறமாகாது. மரம் ஓரறிவுயிர் என்றால், அந்த அம்மையார் ஆறறிவுயிர். அதே வேளையில், மாடியில் விழும் இலைக்காக வேரோடு பெயர்ப்பதும் தேவைக்கு மீறியது. வார இறுதியில் பக்கத்து வீட்டாரை அழைத்துப் பேசினேன். அவர்கள் மாடியின் மேல் நீண்டிருந்த இரண்டு கிளைகளை மட்டும், கூடு ஏதும் இல்லை என்று பார்த்தபின், கழிப்பது. மழைநீர்க் குழாயின் வாயில் கம்பிவலை பொருத்துவது. தை, மாசி இரண்டு மாதமும் அவர்கள் மாடியைப் பெருக்க ஓர் அம்மாளுக்கு நான் கூலி கொடுப்பது. பெருக்கிய இலையை எரிக்காமல், மரத்தடியிலேயே பரப்பிவிடுவது. அவர் ஒப்புக்கொண்டார். மரம் முழுவதும் போயிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்பதையும் நான் அறிவேன்.

கிளைகளை வெட்டிய அன்று நான் உள்ளே சென்றுவிடாமல் நின்று பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று பிறருக்குச் சொல்பவள், இதையும் பார்க்கத்தானே வேண்டும்? பச்சைக் கிளை, வெட்டிய இடத்தில் ஈரம் கசிந்தது. ஆறு மனிதருள் நான் மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் இடையில் எங்கோ நிற்கிறேன். என் மனத்தின் நிறம் இப்போதைக்குப் புறாவின் சாம்பல் நிறம், ஓரத்தில் சற்று மஞ்சள் தட்டியிருக்கலாம் என்று கொள்கிறேன். வெண்மைக்கு நெடுந்தொலைவு.

ஆறாமவனைப் பற்றி ஒரு சொல். தானாக உதிர்ந்ததே போதும் என்றவன் அவன். மரம் யாருக்கும் நோவின்றித் தரும் பொருள் அது ஒன்றுதான். அதையே நாம் குப்பை என்று எரித்துவிட்டு, மற்றவற்றை வெட்டிப் பறிக்கிறோம். எங்கள் மரத்தடியில் பரப்பிய சருகு, சித்திரை வெயிலிலும் மண்ணின் ஈரத்தைக் காத்தது. அதனருகில் வைத்த துளசிக்கு ஊற்றும் தண்ணீரும் குறைந்தது.

நம் குடும்பத்துத் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் தை, மாசியில் உங்கள் வாயிலில் இருக்கும் மரம் எதுவாயினும், பிள்ளைகளை அழைத்து அதைக் காட்டுங்கள். எந்தக் கிளை முதலில் நிறம் மாறுகிறது, இலை விழுந்த தழும்பு எப்படி இருக்கிறது, விழுந்த இலையின் அடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவர்களே கண்டு சொல்லட்டும். இலையைப் பறிக்க வேண்டாம். விழுந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு மரத்தடியிலேயே இடட்டும். அவர்கள் கேள்வி கேட்டால், மணி அடிக்கும் நேரமாக இருந்தாலும் நின்று விடை சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லி அவர்களோடு சேர்ந்து பாருங்கள். நான் அன்று அப்படிச் செய்திருக்க வேண்டும்.